பாடகிக்கு நான் போட்டுக்கொடுத்த பிறந்த நேரம்

பிறந்த தேதி இருக்கிறது, பிறந்த நேரம் இல்லை என்று ஒருவர் வந்து உட்கார்ந்தால் நீங்கள் என்ன செய்வீர்கள்? கல்யாணம் எப்போது, வேலை கிடைத்தது எப்போது, அப்பா காலமானது எப்போது என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, நடந்ததோடு பொருத்திப் பார்த்து நேரத்தைப் பிடித்துவிடலாம் என்பீர்கள். நம் தொழிலில் அதற்கு இடமுண்டு. ஆனால் எதிரே ஆளே இல்லாமல், அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல், அவர் யார் என்பது ஊருக்கே தெரியும் என்ற ஒரே தைரியத்தில் நேரத்தைப் போட்டுக்கொண்டவன் ஒருவன் உண்டு. அவன் இப்போது பாதிப் பல் போய், மயிலாப்பூரில் மகன் வீட்டு பால்கனியில் உட்கார்ந்து உங்களுக்கு இதை எழுதிக்கொண்டிருக்கிறான்.

உங்களில் சிலர் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள், சிலர் என்னிடமே படித்தவர்கள். பலித்ததைச் சொல்லிக்கொள்ளாத ஜோசியன் உலகத்தில் கிடையாது. சொதப்பியதைச் சொன்னவனை நானும் இன்னும் பார்க்கவில்லை. ஒருவனாவது சொல்லி வைத்தால் நல்லதுதானே?

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. எனக்கு நாற்பது தாண்டியிருந்தது. மயிலாப்பூர் மாட வீதி ஒன்றில் பாத்திரக் கடைக்கு மேலே மாடியில் ஓர் அறை வைத்திருந்தேன். கீழே எவர்சில்வர் குடம் உருளும், மேலே நான் பலன் சொல்வேன். கூட்டத்துக்குக் குறைவில்லை. போதாததற்கு ஒரு வாரப் பத்திரிகையில் பிரபலங்களின் ஜாதகத்தை அலசி ஒரு பக்கம் எழுதிக்கொண்டிருந்தேன். அதில் வந்த என் புகைப்படத்தில் ஒரு விரலை நெற்றிப் பொட்டில் வைத்துக்கொண்டு கிரகங்களையே யோசிக்க வைப்பவன் மாதிரி இருப்பேன். விரலை அங்கே வைக்கச் சொன்னது ஸ்டுடியோக்காரர்.

மார்கழிக் கச்சேரி சீசனுக்கு முன்கூட்டியே ஒரு சிறப்பிதழ் போடுகிறோம், ஒரு பெரிய பாடகியின் ஜாதகம் வேண்டும் என்று ஆசிரியர் போன் செய்தார். அந்தப் பாடகியின் பெயரைச் சொல்ல மாட்டேன். அம்மா என்றே சொல்லிக்கொண்டு போகிறேன். அப்போது அவருக்கு ஐம்பது வயது தாண்டியிருந்தது. காலையில் ரேடியோவைத் திருப்பினால் அந்தக் குரல், சாயங்காலம் தி.நகரில் கேசட் கடையைத் தாண்டினால் அந்தக் குரல். முந்தின வருஷம்தான் ஐம்பதாவது பிறந்த நாளுக்கு ரசிகர்கள் விழா எடுத்திருந்தார்கள். அதனால் தேதி எல்லாப் பேப்பரிலும் வந்திருந்தது. நேரம்தான் இல்லை.

என்னைப் போலவே பத்திரிகையில் எழுதுகிற இரண்டு பேரைக் கேட்டேன். ஒருவர் காலை என்றார், இன்னொருவர் இரவு என்றார். இரண்டு பேருமே நிச்சயமாகச் சொன்னார்கள். அந்த நிச்சயத்தைப் பார்த்ததும் எனக்கும் ஒரு துணிச்சல் வந்துவிட்டது. பஞ்சாங்கத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

நான் செய்த வேலையை ஒளிக்காமல் சொல்கிறேன். குரலுக்கும் பேச்சுக்கும் உரியது லக்னத்திலிருந்து இரண்டாமிடம், வாக்கு ஸ்தானம். பிறந்த நேரத்தை மாற்றினால் லக்னம் மாறும், லக்னம் மாறினால் இரண்டாமிடமும் மாறும். அந்தத் தேதியில் சுக்கிரனும் புதனும் ஒரே ராசியில் சேர்ந்திருந்தார்கள். இவ்வளவு பெரிய பாடகி, அந்த இரண்டு பேரும் வாக்கு ஸ்தானத்தில் இல்லாமல் வேறெங்கே இருப்பார்கள் என்று எனக்கு நானே கேட்டுக்கொண்டேன். அவர்கள் அங்கே வருவதற்கு எந்த லக்னம் வேண்டும், அந்த லக்னத்துக்கு எத்தனை மணி என்று பின்பக்கமாகவே நடந்து போனேன். விடிகாலை ஐந்தே கால் என்று வந்தது. ஐந்தே கால் என்று என் கணக்கில் எழுதிவிட்டேன். பத்திரிகையில் தேதியும் நேரமும் வராது, பலன் மட்டும்தான் வரும். செருப்பை வாங்கிக்கொண்டு வந்து அதற்குத் தகுந்தபடி காலைச் செதுக்கின கதை.

அதன் பிறகு அந்த ஜாதகம் எப்படிப் பொருந்தியது தெரியுமா? குரல் பொருந்தியது, புகழ் பொருந்தியது, வெளிநாட்டுப் பயணம் பொருந்தியது. "ஆஹா, சாஸ்திரம் பொய்க்காது!" என்று எழுதும்போது எனக்கே புல்லரித்தது. நானே வைத்ததை நானே எடுத்துவிட்டு எனக்கே புல்லரித்துக்கொண்டேன்.

கட்டுரையைப் படித்துவிட்டு ஆசிரியர் மறுபடி போன் செய்தார். "எல்லாம் நடந்ததாவே இருக்கே சார். நடக்கப் போறது ஒண்ணு போடுங்க. படிக்கிறவன் நிமிர்ந்து உக்காரணும்."

கணக்குப் போட்டுப் பார்த்தேன். வருகிற தை மாதம் சனி திசை தொடங்குகிறது. "தை முதல் தொண்டைக்கு இடையூறு. குரல் படிப்படியாக ஒடுங்கும். அதற்கு முன்பாகவே மேடையைத் தாமாக விட்டு இறங்குவது இவருக்குக் கௌரவம்" என்று மூன்று வரி சேர்த்துக் கொடுத்தேன். அதை எழுத மூன்று நிமிஷம்கூட ஆகியிருக்காது.

அந்த இதழ் கடைக்கு வந்து நான்கு வாரம் ஆகியிருக்கும். ஐப்பசி மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு காலை. வரிசையில் நான்கைந்து பேர் உட்கார்ந்திருக்கும்போது, காக்கிச் சட்டை நனைந்து ஒட்டிக்கொண்ட ஒரு ஆள் படியேறி வந்து நேராக என் மேஜை முன்னால் நின்றார்.

"நீதான் அந்த புக்ல எழுதிக்கினு கீற சாமியா?"

"ஆமாம். வரிசையில உக்காருங்க, கூப்பிடறேன்."

"வரிசைலாம் வேணாம். நான் ஜோசியம் பாக்க வரல. எங்கம்மாவ இன்னா பண்ணி வெச்சிட்டன்னு காட்டத்தான் வந்தேன்."

அவர் பெயர் தேசிங்கு. பாடகி அம்மாவின் கார் டிரைவர், பதினெட்டு வருஷமாக. சைதாப்பேட்டையில் ஆற்றோரம் வீடு. என் முகத்துக்கு நேராக விரலை நீட்டிக்கொண்டு, வரிசையில் இருந்தவர்கள் வாயைப் பிளந்து கேட்க, ஒரே மூச்சில் சொன்னார்.

"கார்ல ஏறுனா அம்மா பாடிக்கினேதான் வரும். சிக்னல்ல நின்னா பக்கத்து கார்க்காரன் கண்ணாடிய எறக்குவான், கேக்கறதுக்கு. உன் புக்கு வந்ததுலேர்ந்து மூச்சு கெடையாது. தொண்டைல மப்ளர சுத்திக்கினு குந்திக்கினு கீது. டாக்டராண்ட இட்டுனு போனேன், மூணு டாக்டரு. தொண்டை ஷோக்கா கீது, ஒண்ணியும் இல்லன்றான். அம்மா நம்ப மாட்டேங்குது. ஒரு கல்யாணக் கச்சேரிய வாணாம்ட்டாங்க. இன்னிக்கு காலைல சபாலேர்ந்து போனு. சாய்ந்தரம் ஆறு மணிக்குள்ள சொல்லணுமாம், டிசம்பர்ல பாடறாங்களா இல்லியான்னு. இல்லன்னா வேற ஆளு ரெடியா கீதாம். அம்மா இல்லன்னு சொல்லிடும். நீ வந்து மாத்திச் சொல்லு. வா."

நான் கோபப்பட்டிருக்கலாம். பயப்படவும் செய்தேன். ஆனால் "தொண்டை ஷோக்கா கீது" என்றாரே, அந்த இடத்தில் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். தொண்டை நன்றாக இருக்கும்போதே ஒருவர் பாட்டை நிறுத்தியிருக்கிறார். நிறுத்தியது சனி இல்லை, என் மூன்று வரி. வரிசையில் இருந்தவர்களைக் கும்பிட்டு அனுப்பிவிட்டு செருப்பை மாட்டினேன்.

சீசனில் ஒரு மாலைக் கச்சேரி என்றால் என்ன என்பது இந்த ஊர்க்காரர்களுக்குத் தெரியும். வருஷக்கணக்காக ஒருவருக்கென்று இருக்கிற இடம் அது. ஐம்பது வயதில் ஒரு தடவை விட்டுக்கொடுத்தால் அடுத்த வருஷம் அது திரும்ப வராது. மத்தியானக் கச்சேரிக்குத் தள்ளிவிடுவார்கள், அதற்கப்புறம் மரியாதையாகப் பொன்னாடை போர்த்தி உட்கார வைத்துவிடுவார்கள். நான் எழுதினது அப்படியே பலித்துவிடும். பலித்ததற்கு நான்கு பேர் என்னைப் பாராட்டியும் இருப்பார்கள். இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு உதறுவது அந்தப் பாராட்டை நினைத்துத்தான்.

அம்பாசிடர் சாந்தோம் வழியாக அடையாறை நோக்கிப் போனது. பின் சீட்டில் உட்கார்ந்து நான் என்ன யோசித்தேன் என்று நினைக்கிறீர்கள்? எப்படித் தப்பிப்பது என்றுதான். திருநள்ளாறு போய் வாருங்கள், சனிக்கிழமை எள் தீபம் போடுங்கள், இத்தனை வாரத்தில் தோஷம் விலகும் என்று சொல்லிவிட்டால் போதும். எழுதினதும் பொய்யாகாது, அவருக்கும் தைரியம் வரும், எனக்கும் பேர். நம் தொழிலில் இந்தக் கதவு எப்போதும் திறந்தே இருக்கும்.

தேசிங்கு கண்ணாடியில் என்னைப் பார்த்துக்கொண்டே ஓட்டினார். "சாமி, ஒண்ணு கேட்டுக்க. பரிகாரம் கிரிகாரம்னு எதுனா அவுத்து வுடாத. அம்மா அத்தயும் ஒயுங்கா செய்யும். செஞ்சிட்டு, சரியா செஞ்சமா இல்லியான்னு அதுக்கு வேற பயந்துக்கினு குந்தும்."

இருபது வருஷம் ஜாதகம் பார்த்த எனக்குத் தெரியாத மனுஷ சுபாவம் அவருக்குத் தெரிந்திருந்தது.

காந்தி நகரில் பழைய வீடு. கூடத்தில் தம்புரா உறை போட்டு மூலையில் நின்றது. அம்மா வந்தார். மேடையில் பட்டும் வைரமுமாகப் பார்த்தவரை நூல் புடவையில், கழுத்தைச் சுற்றிய மப்ளரோடு பார்த்தபோது எனக்குப் பக்கத்து வீட்டு மாமியைப் பார்ப்பது போல இருந்தது. சத்தம் போடுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் உள்ளே திரும்பி, "ஒரு காபி எடுத்துண்டு வா" என்று சொல்லிவிட்டு எனக்கு நாற்காலியைக் காட்டினார்.

"தேசிங்கு உங்களை மிரட்டி அழைச்சுண்டு வந்திருப்பான். மன்னிச்சுக்கோங்கோ. நீங்க உங்க சாஸ்திரத்துல இருக்கறதை எழுதினேள். உங்க மேல என்ன தப்பு?" குரல் மெதுவாக வந்தது, ஒவ்வொரு சொல்லுக்கும் தொண்டையைச் சோதித்துப் பார்ப்பது மாதிரி. "ஒண்ணே ஒண்ணு கேக்கணும்னு நெனச்சேன். என் ஜாதகம் எங்காத்தை விட்டு வெளில போனதே இல்லை. எங்கம்மா பெட்டில இருந்தது. நானே பிரிச்சுப் பாத்ததில்லை. அது உங்களுக்கு எங்கேர்ந்து கெடச்சுது?"

"அதை நான் ஒரு தடவை பாக்கலாமாம்மா?" என்று மட்டும் கேட்டேன்.

பூஜை அறையிலிருந்து எடுத்து வந்தார். ஓரத்தில் மஞ்சள் தடவிய சின்ன நோட்டு. பிரித்தேன். முதல் வரியை இரண்டு தடவை படித்தேன். தேதியே வேறு. நான் போட்டதற்குப் பத்து மாதம் தள்ளி இருந்தது.

"அம்மா, உங்க பிறந்த நாள் விழா..."

"அது ஸ்கூல் தேதி! ஜூன்ல அஞ்சு வயசு ஆகியிருந்தாத்தான் சேத்துப்போம்னு ஸ்கூல்ல சொன்னாளாம். அப்பா ஒரு தேதியைச் சொல்லிச் சேத்துட்டார். பாஸ்போர்ட், அவார்டு எல்லாத்துலயும் அதுதான் இருக்கு. விழா எடுக்கறவாள்ட்ட போய் இல்லேன்னு சொல்ல முடியுமா?"

நம் ஊரில் அந்தத் தலைமுறையில் பாதிப் பேருக்கு இரண்டு பிறந்த நாள். பெற்றவளுக்குத் தெரிந்தது ஒன்று, ஹெட்மாஸ்டருக்குத் தெரிந்தது ஒன்று. எனக்கே அப்படித்தான். அது எனக்குத் தோன்றவே இல்லை என்பதை இப்போது நினைத்தாலும் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

கட்டங்களைப் பார்த்தேன். லக்னம் வேறு, நட்சத்திரம் வேறு. சனி திசை தையில் வரப்போவதில்லை. பன்னிரண்டாவது வருஷமாக ஓடிக்கொண்டிருந்தது. அவருடைய பெரிய விருதுகள், வெளிநாட்டுக் கச்சேரிகள், ஊரெல்லாம் ஒலித்த கேசட்டுகள், எல்லாம் அந்தச் சனியில் வந்தவை.

மறுபடியும் அந்தக் கதவு திறந்தது. இப்போது இன்னும் அகலமாக. "நன்றாகப் பார்த்தேன் அம்மா, குரு பார்வை இருக்கிறது, கவலை இல்லை" என்று சொன்னால் முடிந்தது. நான் தவறு செய்தது யாருக்கும் தெரியாது. அவரும் பாடிவிடுவார். சொல்லவும் வாயைத் திறந்துவிட்டேன். அப்போது அவர் என் முகத்தைப் பார்த்த விதம் என்னை நிறுத்தியது. ரிசல்ட் பார்க்க வந்த குழந்தை மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது நான் சரி என்றால் பாடுவார். அடுத்த கச்சேரிக்கு முன்னாலும் என்னைக் கேட்பார். அதற்கடுத்ததற்கும் கேட்பார். சனி மேல் இருக்கிற பயம் என் மேல் வந்து உட்காரும். இத்தனை வருஷம் தன் தொண்டையை நம்பிப் பாடியவர், கடைசிவரை என் வாயைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

எழுந்து நின்றேன். "அம்மா, நான் எழுதினது உங்க ஜாதகமே இல்ல. பேப்பர்ல வந்த தேதியை எடுத்தேன். நேரம் தெரியல. நானே போட்டுக்கிட்டேன். நல்ல குரல்னு தெரியும், அதுக்குத் தகுந்த மாதிரி ஒரு நேரத்தை வெச்சேன். சனி திசை, தொண்டை எல்லாம் அதுலேர்ந்து வந்தது. என்னை மன்னிக்கணும்."

வாசல்படியில் நின்றிருந்த தேசிங்கு ஓர் அடி முன்னால் வந்தார். அம்மாவின் முகம் சிவந்தது.

"இருபத்தெட்டு நாள்" என்றார். "நாலு வயசுலேர்ந்து நான் ஒரு நாள்கூட பாடாம இருந்ததில்லை. ஜுரத்துல பாடியிருக்கேன். எங்கம்மா போன பதிமூணாம் நாள் கார்த்தால பாடியிருக்கேன். இருபத்தெட்டு நாள் ஊமையா உக்காந்துண்டிருந்தேன். நீங்க ஒரு நேரத்தைப் போட்டுண்டதுக்கு."

தலையைக் குனிந்து நின்றேன். வெளியே போ என்று சொன்னால் போயிருப்பேன். அவர் சொல்லவில்லை. நோட்டை என் பக்கம் தள்ளினார்.

"இது என்னோடதுதானே? இதுல என்ன போட்டிருக்கு என் குரலைப் பத்தி? இருக்கறதைச் சொல்லுங்கோ. இன்னொரு தடவை போட்டுக்காதீங்கோ."

பார்த்தேன். வாக்கு ஸ்தானத்தில் சனி. புதன் சூரியனோடு ஒட்டி ஒளியிழந்து கிடந்தான். இரண்டாமிடத்துக்கு உரியவன் பன்னிரண்டில் போய் மறைந்திருந்தான். சுக்கிரன் இருக்கும் இடத்தைச் சொன்னால் அவனுக்கே வெட்கமாக இருக்கும். பொய் சொல்ல எனக்கு இனி ஒரு நூல் இடமும் மிச்சமில்லை.

"சொல்லட்டுமாம்மா? யாருதுன்னு தெரியாம இந்த நோட்டை எங்கிட்ட கொடுத்திருந்தா, இந்தக் குழந்தைக்குப் பேச்சே திக்கும், பாட்டு கிளாஸ்ல சேர்த்து வாத்தியாரை வதைக்காதீங்கன்னு சொல்லியிருப்பேன்."

நோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். மப்ளரை இழுத்துப் போட்டுவிட்டுச் சிரித்தார். அந்தப் பழைய கூடத்தின் உத்தரம் வரை போன கணீரென்ற சிரிப்பு. இருபத்தெட்டு நாளாக உள்ளே பூட்டி வைத்திருந்த குரல் முழுசாக அந்தச் சிரிப்பில் வெளியே வந்தது.

"இதையேதான் அந்தக் காலத்து ஜோசியரும் சொன்னாராம்!" என்றார், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "அப்பா சொல்லிச் சிரிப்பார். கொழந்தைக்கு வாக்கு சரியா வராதுன்னுட்டாராம். அப்பா, 'பேச வரலேன்னா போறது, பாடட்டும்'னு மறு வாரமே வாத்தியாரை வெச்சுட்டார். கதை தெரியும், அது இந்த நோட்டுதான்னு இன்னிக்குத்தான் தெரியறது."

தம்புராவின் உறையை அவரே கழற்றினார். சுருதி சேர்த்துப் பாட உட்கார்ந்தார். மேல் சட்ஜத்தைத் தொடும்போது குரல் பிசிறியது. கண்ணைத் திறந்தார். அவர் முகத்தில் பழைய பயம் எட்டிப் பார்த்தது எனக்குத் தெரிந்தது. நான் ஏதாவது சொல்லுவேன் என்று பார்த்திருக்கலாம். நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். என் தொழில் வாழ்க்கையில் நான் சொன்ன எல்லாப் பலனையும்விட அந்த ஒரு நிமிஷம் சும்மா இருந்ததுதான் பெரிய காரியம். அவர் மறுபடி கீழேயிருந்து ஏறினார். இந்தத் தடவை போய் நின்றது. நின்றுகொண்டே இருந்தது.

"வந்துச்சு சாமி... தோ வந்துச்சு" என்று தேசிங்கு வாசல்படியில் உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

ஆறு மணிக்கு இன்னும் நேரம் இருந்தது. அம்மாவே சபாவுக்குப் போன் செய்து, பாடுவதாகச் சொன்னார்.

பத்திரிகை ஆசிரியரிடம் போனேன். எழுதியது தவறான ஜாதகம், நேரம் நானாகப் போட்டது என்று திருத்தம் வெளியிட வேண்டும் என்றேன். "இதைப் போட்டா ராசிபலன் பக்கத்தையே எவனும் திரும்பிப் பாக்க மாட்டான் சார்" என்றார். போடாவிட்டால் நான் இனி எழுதுவதாக இல்லை என்றேன். இரண்டு நாள் யோசித்துவிட்டுப் போட்டார், என் பக்கத்திலேயே, என் பெயரோடு. அந்த மனுஷனுக்கும் நான் நன்றி சொல்ல வேண்டும். அதற்கப்புறம் என் மாடிப்படியில் கூட்டம் கொஞ்சம் குறைந்தது. வந்தவர்கள் பிறந்த நேரத்தை ஆஸ்பத்திரிச் சீட்டோடு கொண்டு வந்தார்கள். அது எனக்குச் சௌகரியமாகத்தான் இருந்தது.

டிசம்பரில் கச்சேரிக்குப் போனேன். கடைசி வரிசையில் தேசிங்குக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அன்றைக்கு அம்மா பாடினதை எழுத எனக்குச் சங்கீதம் தெரியாது. பக்கத்து சீட்டில் இருந்த பெரியவர் இரண்டு தடவை அழுதார். நான் ஒரு தடவை.

முடிந்ததும் மேடைக்குப் பின்னால் கூப்பிட்டு அனுப்பினார். "ஜோசியரே, நீங்க கிளாஸ் எடுக்கறேளாமே. என் ஜாதகத்தை உங்க பசங்களுக்குக் கொடுங்கோ. என்ன சொல்றான்னு பாக்கலாம். பேர் மட்டும் சொல்லாதீங்கோ. நான் பாடறதை நிறுத்தினப்பறம் இந்தக் கதையைச் சொல்லிக்கோங்கோ."

என் மாலை வகுப்பில் படித்தவர்களே, இப்போது உங்களுக்கு ஞாபகம் வந்திருக்கும். பயிற்சிக்கு என்று பெயரில்லாமல், ஆணா பெண்ணா என்றுகூடச் சொல்லாமல் ஒரு ஜாதகம் கொடுத்தேனே, அதுதான். திக்குவாய் என்று எழுதினீர்கள். கலைத்துறை ஆகவே ஆகாது என்று எழுதினீர்கள். ஒரு மகானுபாவர் பிறவி ஊமை என்றே எழுதிக் கீழே கோடும் போட்டிருந்தார். உங்களை நான் குறை சொல்லவில்லை. பாடம் அப்படித்தான் சொல்கிறது. நானும் அதையேதான் சொல்லியிருப்பேன் என்று அம்மாவிடமே சொன்னேனே. அந்த ஜாதகத்தில் குரல் எங்கே இருக்கிறது என்று நான் இன்றுவரை தேடவில்லை. விடை தெரிந்த பிறகு தேடினால் எதுவும் கிடைத்துவிடும், அந்த வேலையை நான் ஒரு தடவை பார்த்தாகிவிட்டது.

ஒவ்வொரு வருஷமும் அந்த வகுப்பு முடிந்த மறுநாள் அம்மாவிடமிருந்து போன் வரும்.

"இந்த வருஷம் என்ன சொன்னா?"

"வாயே திறக்காதுன்னுட்டாங்கம்மா."

அந்தச் சிரிப்பு போனில் கேட்கும். எனக்கு அந்த வருஷம் நன்றாகப் போகும். இதை நான் ஜோசியமாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

நூற்றாண்டு முடிகிற சமயத்தில் ஒரு வகுப்பு. ஆதம்பாக்கத்திலிருந்து பஸ் மாறி வருகிற ஒரு பெண் படித்தாள். ராயப்பேட்டையில் மருந்துக் கடையில் பில் போடுகிற வேலை, அது முடித்துவிட்டு வருவாள். அவள் கொடுத்த தாளில் ஒரே ஒரு வரிதான் இருந்தது. "வாக்கு ஸ்தானத்தில் சனி இருக்கிறது, இவரைக் கேட்ட பிறகு மீதியை எழுதுகிறேன்."

மறுநாள் போனில் அதைப் படித்துக் காட்டினேன். அன்று அம்மா சிரிக்கவில்லை.

"அந்தப் பொண்ணு பேரும் விலாசமும் சொல்லுங்கோ" என்றார்.

அடுத்த வாரம் அந்தப் பெண் வகுப்புக்கு முன்னாலேயே வந்து நின்றாள். கையில் ஒரு கவர். "சார், கடைக்கு ஒரு டிரைவர் வந்து குடுத்துட்டுப் போனார். கச்சேரி டிக்கெட். முன் வரிசை. யார் சார் எனக்கு அனுப்பியிருப்பாங்க? நான் கச்சேரிக்கெல்லாம் போனதே இல்லையே."

"போய்க் கேட்டுட்டு வாம்மா" என்று மட்டும் சொன்னேன். போனாள். அம்மாவின் பாட்டை மூன்று மணி நேரம் கேட்டாள். அந்த டிக்கெட் எதற்காக வந்தது என்று அவளுக்கு நான் சொல்லவே இல்லை.

போன வருஷம் அம்மா, தனக்குப் போதும் என்று தோன்றிய ஒரு நாளில், தானாகவே பாடுவதை நிறுத்தினார். ஆகவே இப்போது சொல்கிறேன். அந்தப் பெண் இன்றைக்கு உங்களில் ஒருத்தி, நல்ல பெயரோடு தொழில் செய்கிறாள், இதைக் கட்டாயம் படிப்பாள். அம்மாடி, உன் தாள் என் பெட்டியில் ஒரே வரியோடு இருக்கிறது. கேட்ட பிறகு எழுதுகிறேன் என்றாய். அந்த முன் வரிசையில் உட்கார்ந்து நீ அவரைக் கேட்டாகிவிட்டது. ஒரு நாள் வந்து மீதியை எழுதிக் கொடுத்துவிட்டுப் போ.